லூக்கா 15:20 "மனதுருகி": அந்தக் கிரேக்க வினைச்சொல் பற்றி ஒரு கேள்வி

மேலக்கரை | ஞாயிறு மாலை 5:10

எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

இன்று காலை ஆராதனை முடிந்து பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு எடுத்தேன். கெட்ட குமாரன் உவமை. "அவன் தூரத்தில் வரும்போதே, அவனுடைய தகப்பன் அவனைக் கண்டு, மனதுருகி, ஓடி" என்று வாசித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கையைத் தூக்கினார். "தம்பி, மனதுருகின்னா பாவம் பார்த்தார்னு அர்த்தமா? பாவம் பார்க்கிறவன் உட்கார்ந்த இடத்திலேயே பார்ப்பானே. இவர் எதுக்கு ஓடினார்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அகராதியும் ஒத்துவாக்கிய நூலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் இவ்வளவு கிடைத்தது.

அந்த இடத்தில் இருக்கும் கிரேக்க வினை ஸ்ப்ளாங்க்னிஸோமாய். புதிய ஏற்பாட்டில் மொத்தம் 12 தடவைதான் வருகிறது: மத்தேயுவில் 5, மாற்குவில் 4, லூக்காவில் 3. யோவானில் இல்லை. பவுலின் நிருபங்களிலும் இந்த வினை இல்லை, அதன் பெயர்ச்சொல் மட்டும் உண்டு. அந்தப் பெயர்ச்சொல் ஸ்ப்ளாங்க்னா. பொருள் உள்ளுறுப்புகள்.

அந்த 12 இடங்களையும் வரிசையாக வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. இந்த வினைக்கு எழுவாயாக வருவது பெரும்பாலும் இயேசுதான். மீதி மூன்றும் அவர் சொன்ன உவமைகளில் வருகிறவர்கள்: பத்தாயிரம் தாலந்து கடனை மன்னித்த ராஜா, நல்ல சமாரியன், கெட்ட குமாரனின் தகப்பன். சீஷர்களோ, பரிசேயரோ, வேறு எந்த மனிதனோ இதைச் செய்ததாகச் சுவிசேஷங்களில் எழுதப்படவில்லை.

கிரேக்கம் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். "மனதுருகி" என்பது இந்தச் சொல்லுக்குப் போதுமான தமிழா? அந்தப் பாட்டிக்கு நான் என்ன சொல்லட்டும்?

---

தேன்கூடு | ஞாயிறு இரவு 9:32

நல்ல கேள்வி, அண்ணா. பாட்டி பிடித்த இடம் சரியான இடம். நான் இறையியல் கல்லூரியில் மூன்று வருடம் கிரேக்கம் படித்தவள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்ப்ளாங்க்னா என்றால் "குடல்" என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. பழைய கிரேக்கத்தில் பலியிட்ட மிருகத்தின் இருதயம், ஈரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவைதான் முதலில் இந்தப் பெயரைப் பெற்றவை. ஹோமரின் இலியத் முதல் பாடலில் ஒரு பலி நடக்கிறது. தொடை எலும்புகளைத் தெய்வத்துக்கு எரித்துவிட்டு, கூடியிருப்பவர்கள் ஸ்ப்ளாங்க்னாவைச் சுவைக்கிறார்கள், அதன் பிறகுதான் மற்ற இறைச்சியை வெட்டிச் சுடுகிறார்கள். அதாவது பலியில் பங்குகொள்கிறவர்கள் முதலில் வாயில் வைக்கும் பாகம் அது. குடலுக்குத் தனியாக எண்டெரா என்று இன்னொரு சொல் உண்டு.

அப்புறம் அதே சொல் மனிதனின் உள்ளே உணர்ச்சி பொங்கும் இடத்துக்கும் ஆனது. ஆனால் ஏதென்ஸ் நாடகங்களில் அங்கே கொதிப்பது பெரும்பாலும் கோபம், கலக்கம். இரக்கம் அங்கே குடியேறியது யூதர்கள் எழுதிய கிரேக்கத்தில்தான்.

வினையைப் பாருங்கள். கிரேக்கத்தில் எழுதப்பட்ட பழைய யூத நூலான இரண்டாம் மக்கபேயர் 6:8-இல் இதன் செய்வினை வடிவம் வருகிறது. அங்கே அதற்கு இரக்கம் என்ற பொருளே இல்லை, பலியின் உள்ளுறுப்புகளை உண்பது என்று பொருள். யூதர்களை அந்நிய பலிகளில் பங்குகொள்ளும்படி கட்டாயப்படுத்தியதைச் சொல்லும் இடம் அது. நீதிமொழிகள் 17:5-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் முன்னொட்டுச் சேர்ந்த ஒரு வடிவம் "இரக்கம் கொள்பவன்" என்ற பொருளில் வருகிறது. யூத மரபில் பிறந்து கிரேக்கத்தில் நமக்குக் கிடைக்கும் பன்னிரு கோத்திரப் பிதாக்களின் சாசனங்களில், குறிப்பாகச் செபுலோனின் சாசனத்தில், இந்தச் சொற்குடும்பம் நிறைய உண்டு. இவற்றை விட்டால் சுவிசேஷங்களுக்கு முன்னால் இந்த வினையை இந்தப் பொருளில் காண்பது மிக அரிது.

பலிபீடத்துக்குப் பக்கத்தில் பிறந்த ஒரு சொல், மூன்று சுவிசேஷங்களில் இயேசுவின் உள்ளத்தில் நடப்பதைச் சொல்லும் சொல்லாக மாறி நிற்கிறது. ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் எனக்கு இது வியப்புதான்.

---

தரங்கை வாசகர் | திங்கள் காலை 6:15

தம்பிக்கும் தங்கைக்கும் வாழ்த்துகள். எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஐம்பது வருடமாகப் பழைய மொழிபெயர்ப்பைத் தினமும் வாசிக்கிறவன். அதை வைத்து ஒன்று சொல்கிறேன்.

1 இராஜாக்கள் 3:26 எடுத்துப் பாருங்கள். சாலொமோன் பிள்ளையை இரண்டாக வெட்டச் சொல்கிறான். "அப்பொழுது உயிரோடிருக்கிற பிள்ளையின் தாய், தன் பிள்ளைக்காக அவள் குடல் துடித்ததினால்" என்று இருக்கிறது. குடல் துடித்தது! நம்முடைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தச் சொல் தெரியாமல் இல்லை. பழைய ஏற்பாட்டில் தாய்க்குப் போட்டுவிட்டார்கள். புதிய ஏற்பாட்டில் தகப்பனுக்கும் ஆண்டவருக்கும் வரும்போது "மனதுருகி" என்று போட்டிருக்கிறார்கள்.

பாட்டிக்கு அந்த வசனத்தைக் காட்டுங்கள் தம்பி. புரிந்துகொள்வார்.

---

தேன்கூடு | திங்கள் காலை 8:02

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து எபிரெய மூலத்தை எடுத்துப் பார்த்தேன். மிகவும் நன்றி.

அந்த இடத்தில் எபிரெயத்தில் இருப்பது ரஹமிம். ரெஹெம் என்றால் கருப்பை. இரண்டும் ஒரே வேர். அந்தத் தாயின் ரஹமிம் "கொதித்தது" என்று இருக்கிறது. இதே தொடர், இதே வினையோடு, ஆதியாகமம் 43:30-இலும் வருகிறது. யோசேப்பு தன் தம்பி பென்யமீனைப் பார்த்து அழ இடம் தேடி ஓடும் காட்சி. அங்கே தமிழில் என்ன இருக்கிறது தெரியுமா? "யோசேப்பின் உள்ளம் தன் சகோதரனுக்காகப் பொங்கினபடியால்."

எபிரெயத்தில் ஒரே தொடர். தமிழில் தாய்க்குக் குடல், எகிப்தின் அதிபதிக்கு உள்ளம்.

கிரேக்கத்தில் மொழிபெயர்த்த பழைய யூத அறிஞர்களும் இப்படிப் பிரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். தாய்க்கு "அவள் கருப்பை கலங்கியது" என்றும், யோசேப்புக்கு "அவன் குடல்கள் முறுக்கிக்கொண்டன" என்றும். ஆனால் அவர்கள் ஆணுக்கும் உடம்பை விட்டுவிடவில்லை.

---

பனங்காடு | திங்கள் காலை 10:40

எங்கட பக்கத்தில் இப்பவும் அம்மாக்கள் "பெத்த வயிறு துடிக்குது" என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் பிள்ளையைத் தேடித் திரியும் தாய்மார் வாயில் நான் கேட்ட சொல் இது. மனம் உருகுது என்று அவர்கள் சொல்லிக் கேட்டதில்லை.

---

வினாக்குறி | திங்கள் மதியம் 1:25

எல்லோரும் ஒரே பக்கம் போவதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நானும் இந்த வசனத்தை நேசிக்கிறவன்தான்.

ஒரு சொல்லின் வேர் என்ன என்பது வேறு, பேசுகிறவன் வாயில் அது என்ன பொருள் தருகிறது என்பது வேறு. நாம் "அவனுக்கு வயிற்றெரிச்சல்" என்கிறோம். கேட்கிறவர் யாராவது வயிற்றையும் நெருப்பையும் நினைக்கிறார்களா? பொறாமை என்று மட்டும்தான் விளங்கிக்கொள்கிறோம். இரண்டாயிரம் வருடம் கழித்து ஒரு அந்நியன் வந்து, "தமிழர்கள் பொறாமைப்படும்போது அவர்கள் இரைப்பையில் தீப்பிடித்ததாக உணர்ந்தார்கள்" என்று பிரசங்கம் செய்தால் நாம் ஒத்துக்கொள்வோமா?

முதல் நூற்றாண்டில் கலிலேயாவிலோ அந்தியோகியாவிலோ கிரேக்கம் பேசியவனுக்கு ஸ்ப்ளாங்க்னிஸோமாய் என்றால் வெறுமனே "இரங்கினான்" என்று மட்டும் கேட்டிருக்கலாம். உறுப்பு ஞாபகம் தேய்ந்துபோயிருக்கலாம். வேரை வைத்துப் பொருளைப் பெரிதாக்குவது பிரசங்க மேடையில் அதிகமாக நடக்கிறது. அதில் எனக்குப் பயம் உண்டு.

இன்னொன்று. "குடல் துடித்து ஓடினான்" என்று லூக்கா 15-இல் போட்டால், தமிழில் வாசிக்கிறவர் ஏதோ நோய் என்று நினைத்து நின்றுவிடுவார். தாய்க்குப் பொருந்திய சொல் எல்லா இடத்திலும் பொருந்தாது. ஈரக்குலை நடுங்கியது என்றால் நமக்குப் பயம். அடிவயிறு கலங்கியது என்றாலும் பயம். வயிறு எரிந்தால் பொறாமை அல்லது ஆற்றாமை. தமிழில் உள்ளுறுப்புகளுக்கு ஏற்கெனவே வேறு வேலைகள் கொடுத்து வைத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பாளர்கள் இதை யோசித்துத்தான் "உருகி" என்ற சொல்லுக்குப் போயிருப்பார்கள்.

---

தேன்கூடு | திங்கள் இரவு 10:18

வினாக்குறி சொல்வதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். வேரை மட்டும் வைத்துப் பேசக்கூடாது. வயிற்றெரிச்சல் உதாரணத்தை என் மாணவர்களிடம் இனிமேல் சொல்வேன்.

ஆனால் உறுப்பு ஞாபகம் தேய்ந்துவிட்டது என்பதற்கு எதிராக ஒரு சாட்சி உண்டு. அது லூக்காவே. அப்போஸ்தலர் 1:18-இல் யூதாசின் முடிவைச் சொல்கிறார்: "அவன் வயிறு வெடித்து, குடல்களெல்லாம் சரிந்துபோயிற்று." அந்தக் "குடல்கள்" கிரேக்கத்தில் ஸ்ப்ளாங்க்னா. அதே ஆசிரியர், தன் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் சகரியாவின் பாட்டில், "நமது தேவனுடைய உருக்கமான இரக்கத்தினாலே" என்ற இடத்திலும் ஸ்ப்ளாங்க்னா என்றே எழுதுகிறார். சொல்லுக்குச் சொல் எடுத்தால் "தேவனுடைய இரக்கத்தின் உள்ளுறுப்புகளினாலே." தரையில் சரிந்த குடலுக்கும் தேவனுடைய இரக்கத்துக்கும் ஒரே சொல்லை எழுதிய கை, லூக்கா 15:20-இல் அந்த வினையை எழுதும்போது உடம்பை முற்றிலும் மறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேரை விட்டுவிட்டுப் பயன்பாட்டை மட்டும் பார்ப்போம். பல இடங்களில் இந்த வினைக்கு முன்னால் "கண்டு" வருகிறது. திரளான ஜனங்களைக் கண்டபொழுது, நாயீனூர் விதவையைப் பார்த்து, குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு, தூரத்தில் வரும் மகனைக் கண்டு. இயேசுவோ உவமையில் வருகிறவரோ எழுவாயாக இருக்கும் இடங்களில் அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று நடக்கிறது: தொட்டார், சொஸ்தமாக்கினார், அப்பம் கொடுத்தார், காயங்களைக் கட்டினான், ஓடினான். பார்த்து இரங்கிவிட்டு அப்படியே நகர்ந்தவர் ஒருவரும் இல்லை. பாட்டியின் கேள்விக்கு என் பதில் இதுதான், அண்ணா. அவர் எதுக்கு ஓடினார் என்றால், இந்த வினை வந்த பிறகு யாரும் உட்கார்ந்த இடத்தில் இருந்ததே இல்லை.

ஒரே சம்பவத்தில் அந்தச் செயல் மாறுவதும் உண்டு. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த நாளில், மத்தேயு 14:14 "மனதுருகி" வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்கினார் என்கிறது. மாற்கு 6:34 அதே நாளைச் சொல்லும்போது "மனதுருகி, அநேக காரியங்களை அவர்களுக்கு உபதேசிக்கத்தொடங்கினார்" என்கிறது. உபதேசம் செய்வதும் இந்த உருக்கத்திலிருந்து வரலாம் என்று மாற்கு நினைக்கிறார். வகுப்பு எடுக்கும் நமக்கு அது பெரிய விஷயம்.

---

மேலக்கரை | செவ்வாய் காலை 5:50

இரவு தூங்கவே இல்லை, இந்த இழையையே வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் நன்றி.

நான் பள்ளியில் தமிழ் ஆசிரியன். அதனால் இலக்கணப் பக்கம் ஒன்று சொல்ல ஆசை. தங்கை சரி பார்க்க வேண்டும். இந்தக் கிரேக்க வினை சுவிசேஷங்களில் பெரும்பாலும் எஸ்ப்ளாங்க்னிஸ்தே, ஸ்ப்ளாங்க்னிஸ்தெய்ஸ் என்ற வடிவங்களில் வருகிறது. வடிவத்தில் செயப்பாட்டுவினை. "நான் இரக்கம் காட்டுகிறேன்" என்று ஒருவன் தீர்மானித்துச் செய்வது போல இல்லை. அவனுக்குள் அது நடந்துவிடுகிறது.

தமிழில் இதற்கு நமக்கு அழகான ஏற்பாடு உண்டு. உருகு தன்வினை, உருக்கு பிறவினை. வெண்ணெய் உருகுகிறது, நான் நெய் உருக்குகிறேன். "மனதுருகி" என்று எழுதியவர் தன்வினையைத் தேர்ந்திருக்கிறார். "மனதை உருக்கி" என்று இல்லை. தகப்பன் எதையும் உருக்கவில்லை, மகன் வரும் கோலம் கண்ணில் பட்டது, இவர் உருகிப்போனார். "பரிதாபப்பட்டு" என்றால்கூட கொஞ்சம் மேலிருந்து கீழே பார்ப்பது போல ஆகிவிடும். "உருகி"யில் அந்த உயரம் கரைந்துவிடுகிறது. அந்த அளவில் பழைய மொழிபெயர்ப்புக்கு நான் தலைவணங்குகிறேன்.

இன்னொன்றும் தோன்றியது. நம்முடைய பக்திப் பாடல்களில், எந்தச் சமயமானாலும், பெரும்பாலும் உருகுவது பக்தன். ஆண்டவன் முன்னால் நின்று இவன் உருகுகிறான், கசிகிறான். அந்தச் சொல்லுக்குத் தமிழில் அப்படி ஒரு நீண்ட பழக்கம். அதே சொல்லை எடுத்து, "ஆண்டவர் ஜனங்களைக் கண்டு உருகினார்" என்று திருப்பிப் போடுவது தமிழ் காதுக்கு எவ்வளவு புதிதாக இருந்திருக்க வேண்டும்! நாம் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் அந்த அதிர்ச்சி போய்விட்டது.

---

தேன்கூடு | செவ்வாய் காலை 7:30

வடிவம் பற்றிச் சொன்னது சரி, அண்ணா. நிகழ்காலத்திலும் வருகிறது, "பரிதபிக்கிறேன்" என்று தமிழில் இருக்கும் மத்தேயு 15:32, மாற்கு 8:2 இரண்டும் அப்படி. அங்கே இயேசு தானே தன்னைப் பற்றிச் சொல்கிறார். மற்ற இடங்களில் அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வது, இந்த நாலாயிரம் பேர் சம்பவத்தில் மட்டும் அவர் வாயாலேயே. காரணமாக அவர் சொல்வது எவ்வளவு சாதாரணம் பாருங்கள்: மூன்று நாள் தங்கியிருக்கிறார்கள், சாப்பிட ஒன்றுமில்லை, பட்டினியாய் அனுப்பினால் வழியில் சோர்ந்துபோவார்கள்.

---

மாற்கு மாணவன் | செவ்வாய் மதியம் 12:05

12 தடவை என்று சொல்லும்போது ஒரு அடிக்குறிப்பு வேண்டும். மாற்கு 1:41, குஷ்டரோகி. "இயேசு மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு."

பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் அங்கே ஸ்ப்ளாங்க்னிஸ்தெய்ஸ்தான் இருக்கிறது. ஆனால் கோடெக்ஸ் பெசே என்ற பிரதியில் ஒர்கிஸ்தெய்ஸ் என்று இருக்கிறது, அதாவது "கோபங்கொண்டு". இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, தியோடர் பெசா என்ற சீர்திருத்த இறையியலாளர் 1581-இல் கொடுத்தது. ஒரு பக்கம் கிரேக்கம், எதிர்ப்பக்கம் லத்தீன். லத்தீன் பக்கத்திலும் கோபம்தான். வேறு சில பழைய லத்தீன் பிரதிகளும் இதற்குத் துணை.

எழுதுகிறவன் "கோபங்கொண்டு" என்பதைப் பார்த்துச் சங்கடப்பட்டு "மனதுருகி" என்று மாற்றுவது புரிகிறது. மனதுருகியைக் கோபம் என்று மாற்ற எவனுக்கு மனம் வரும்? அதனால் கோபம்தான் மூலம் என்று சில அறிஞர்கள் வாதிக்கிறார்கள். மத்தேயு 8:3, லூக்கா 5:13 இரண்டும் இதே சம்பவத்தை எழுதும்போது இரண்டு சொல்லையும் விட்டுவிடுகின்றன. மனதுருகி என்று மாற்குவில் இருந்திருந்தால் இருவரும் ஏன் விட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. இரண்டு வசனம் தள்ளி 43-இல் "கண்டிப்பாய்ச் சொல்லி" என்று தமிழில் இருக்கும் சொல்லும் கிரேக்கத்தில் கடுமையானது, சீறுவது போன்றது.

மறுபக்கம், கையெழுத்துப் பிரதிகளின் எண்ணிக்கையும் பரவலும் மனதுருகிக்கே. அறிஞர்கள் அதிகம் பயன்படுத்தும் கிரேக்கப் பதிப்பும் அதைத்தான் மூலத்தில் வைத்திருக்கிறது. நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் வகுப்பில் இதை மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

---

வினாக்குறி | செவ்வாய் மதியம் 2:40

மாற்கு மாணவன் எழுதியது மிக முக்கியம். கோபம் என்றே வைத்துக்கொண்டாலும் அது அந்த மனிதன்மேல் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவனை ஊருக்கு வெளியே தள்ளிய நோயின் மேல் இருக்கலாம். கோபப்பட்டவர் கையை நீட்டித் தொட்டார் என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

---

தேன்கூடு | செவ்வாய் மாலை 6:55

நான் முதலில் எழுதியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஏதென்ஸ்காரர்களுக்கு அதே ஸ்ப்ளாங்க்னா கோபம் கொதிக்கும் இடம். இதை வைத்து எந்தப் பாடம் மூலம் என்று முடிவு செய்ய முடியாது, அது வேரை வைத்து விளையாடுவதாகிவிடும். ஆனாலும் ஒருவனுக்கு அநியாயம் நடப்பதைப் பார்க்கும்போது நமக்குள் எழுவது இரக்கமா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத நேரங்கள் உண்டு.

---

சிறுமலர் | செவ்வாய் இரவு 8:20

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு சொல். 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் நாங்கள் வாசிப்பது "பரிவு கொண்டு". "தொலையில் வந்துகொண்டிருந்தபோதே அவர் தந்தை அவரைக் கண்டு, பரிவு கொண்டு, ஓடிப்போய்". பரிவு நல்ல பழந்தமிழ்ச் சொல். ஆனால் மேலக்கரை அண்ணன் சொன்ன தன்வினை இதில் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பரிவு என்பது ஒருவர் "கொள்வது", உருகுவது போலத் தானாக நேர்வதில்லை.

இந்தச் சொற்குடும்பம் எங்கள் செபத்திலும் உண்டு. "உம்முடைய சரணமாக ஓடிவந்தோம்" என்று மாதாவிடம் சொல்லும் பழைய மன்றாட்டின் கிரேக்க வடிவம், மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் துண்டில் கிடைத்திருக்கிறது. நாம் "சரணம்" என்கிற இடத்தில் அங்கே எவ்ஸ்ப்ளாங்க்னியா, நல்ல உள்ளுறுப்பு என்று சொல்லுக்குச் சொல் வரும். லத்தீனில் அது "பாதுகாப்பு" ஆனது. ஹிப்போகிராத்தஸ் மருத்துவ நூல்களில் இந்தச் சொல்லின் உரிச்சொல் வடிவத்துக்கு ஆரோக்கியமான உள்ளுறுப்புகள் உடையவன் என்றே பொருள் என்று படித்திருக்கிறேன். அதே உரிச்சொல்தான் எபேசியர் 4:32-இல், உங்கள் மொழிபெயர்ப்பில் "மனஉருக்கமாயும்" என்று இருக்கும் இடத்தில் இருக்கிறது.

---

இரவுப் பணி | புதன் அதிகாலை 3:35

இத்தனை நாள் வாசிக்க மட்டும் செய்தேன். முதல் தடவை எழுதுகிறேன்.

நான் செவிலியர். தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு வருடம். இந்த இழையை வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு பாரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நீங்கள் சொல்வதெல்லாம் நடக்கும். ஒரு குழந்தை போனால் வயிற்றில் ஏதோ பிசையும், இரண்டு நாள் சாப்பிட முடியாது. இப்போது அப்படி இல்லை. நேற்று இரவு ஒருவர் இறந்தார். குழாய்களை எடுத்தேன், உடம்பைத் துடைத்தேன், அவர் மனைவியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். எல்லாம் சரியாகச் செய்தேன். ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

ஆண்டவருக்கு ஒவ்வொரு தடவையும் உள்ளுறுப்பு அசைந்தது என்கிறீர்கள். எனக்கு அசையவில்லை. அப்படியென்றால் நான் யார்? கல்லாகிவிட்டேனா?

---

தேன்கூடு | புதன் காலை 6:10

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வேறு வேலை ஓடவில்லை. கிரேக்கத்திலிருந்தே ஒன்று காட்டுகிறேன், ஆறுதலுக்காக வளைத்துச் சொல்லவில்லை, பிரதியில் இருப்பது.

நல்ல சமாரியன் உவமையைத் திறந்துகொள்ளுங்கள். லூக்கா 10:33-இல் சமாரியனுக்கு "மனதுருகி" என்று இந்த வினை வருகிறது. உவமை முடிந்ததும் இயேசு, இந்த மூவரில் அவனுக்குப் பிறன் யார் என்று கேட்கிறார். நியாயசாஸ்திரி 37-ஆம் வசனத்தில் சொல்கிறான்: "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே." இங்கே சொல் மாறிவிட்டது. எலெயோஸ், வேறு சொல். அதோடு "செய்தவன்". "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று இயேசு முடிக்கிறார். உருகு என்று அவர் சொல்லவில்லை.

இதே மாற்றம் மத்தேயு 18-இலும் உண்டு. ராஜா கடனை மன்னிக்கும் இடத்தில் (18:27) ஸ்ப்ளாங்க்னிஸ்தெய்ஸ். பிறகு அந்த ஊழியக்காரனிடம் கணக்குக் கேட்கும்போது (18:33) "நான் உனக்கு இரங்கினதுபோல, நீயும் உன் உடன்வேலைக்காரனுக்கு இரங்கவேண்டாமோ" என்கிறார். அங்கே எலெயோ. தமிழில் முதல் இடத்தில் "மனதிரங்கி", இரண்டாவதில் "இரங்கி" என்று இருப்பதால் மாற்றம் கண்ணில் படாது. கிரேக்கத்தில் தெளிவாக இரண்டு வினைகள்.

சுவிசேஷங்களில் ஸ்ப்ளாங்க்னிஸோமாய் எங்கேயும் கட்டளையாகச் சீஷர்களுக்கு வரவில்லை. அது நேர்வது. கேட்கப்படுவது எலெயோஸ் செய்வது. "இரக்கமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்பதிலும் எலெயோஸின் குடும்பச் சொல்தான். நீங்கள் நேற்று இரவு அந்த உடம்பைத் துடைத்தீர்கள், அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள். சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதற்கும் இதற்கும் வசனத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

---

வினாக்குறி | புதன் காலை 9:00

தேன்கூடு சொல்லும் வித்தியாசம் உண்மை. ஆனால் முழுப் படமும் வேண்டும். கொலோசெயர் 3:12 "உருக்கமான இரக்கத்தையும்" தரித்துக்கொள்ளுங்கள் என்கிறது, அது கட்டளை, அதில் ஸ்ப்ளாங்க்னா இருக்கிறது. சிறுமலர் காட்டிய எபேசியர் 4:32-உம் கட்டளைதான். 1 யோவான் 3:17-இல் குறைச்சலுள்ள சகோதரனைக் கண்டு "தன் இருதயத்தை அவனுக்கு அடைத்துக்கொண்டால்" என்ற இடத்தில் "இருதயம்" கிரேக்கத்தில் ஸ்ப்ளாங்க்னா. உள்ளே அசைய வேண்டியதில்லை என்று நிருபங்கள் சொல்லவில்லை.

சகோதரிக்கு இதைப் பாரமாகச் சொல்லவில்லை. யோவான் பேசுவது "அடைத்துக்கொள்கிறவனை"ப் பற்றி, கதவை உள்ளிருந்து சாத்துகிறவனைப் பற்றி. பதினொரு வருடம் மரணத்தின் பக்கத்தில் நின்று களைத்தவர் கதவைச் சாத்தியவர் அல்ல. சாத்தியிருந்தால் அதிகாலை மூன்றரைக்கு இப்படி எழுதியிருக்க மாட்டார்.

---

தரங்கை வாசகர் | புதன் காலை 9:45

மகளே, பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை ஒரு தடவை வாசியுங்கள். மொத்தமே 25 வசனம். "பரிசுத்தவான்களுடைய உள்ளங்கள் உம்மாலே இளைப்பாறினபடியால்" என்று ஏழாம் வசனம். "என் உள்ளத்தை இளைப்பாறப்பண்ணும்" என்று இருபதாம் வசனம். அந்த உள்ளமும் இந்தச் சொல்தானா என்று தங்கை சொல்லட்டும். அப்படியென்றால் அதுவும் களைக்கும், அதற்கும் இளைப்பாறுதல் தேவை என்று பவுலுக்குத் தெரிந்திருக்கிறது.

---

தேன்கூடு | புதன் காலை 10:05

அதே சொல்தான், ஐயா. ஏழிலும் இருபதிலும். நடுவில் பன்னிரண்டிலும் உண்டு, ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது "என் உள்ளம்போலிருக்கிற அவனை". கிரேக்கத்தில் "போல" இல்லை. "அவன் என் ஸ்ப்ளாங்க்னா" என்று நேராகவே சொல்கிறார். கிரேக்க நாட்டில் தாய்மார் இன்றும் பிள்ளையை "என் ஸ்ப்லாக்னோ" என்று கொஞ்சுவார்கள்.

---

இரவுப் பணி | புதன் இரவு 7:15

தூங்கி எழுந்து எல்லாவற்றையும் வாசித்தேன். பிலேமோனையும் வாசித்தேன். எல்லோருக்கும் நன்றி. இன்றும் எனக்கு இரவுப் பணிதான், கிளம்புகிறேன். அந்த அம்மாவின் எண் வார்டில் இருக்கும், நாளைக் காலை ஒரு போன் செய்யப் போகிறேன்.

---

மேலக்கரை | ஞாயிறு மாலை 4:30

வகுப்பு முடிந்தது. முதலில் 1 இராஜாக்கள் 3:26, பிறகு ஆதியாகமம் 43:30, கடைசியாக லூக்கா 15:20 என்று வரிசையாக வாசிக்கச் சொன்னேன். கிரேக்கம் பற்றி இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசவில்லை. மாற்கு 1:41-இல் இருக்கும் பாடபேதத்தையும் சொன்னேன். இரண்டு பேருக்கு முகம் மாறியது, ஆனால் கேள்வி கேட்டுத் தெளிந்துகொண்டார்கள்.

"குடல் துடித்ததினால்" என்ற இடத்தில் பாட்டி வாசிப்பதை நிறுத்தச் சொல்லி, அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். லூக்காவுக்கு வந்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பிலேமோன் எடுக்கலாம் என்று இருக்கிறோம். ஐயா, உங்களிடம் அந்த நிருபத்துக்குப் பழைய குறிப்புகள் ஏதாவது இருந்தால் இங்கேயே போடுங்கள்.